பேசும் ஆகஸ்ட், பேசாத ஜனவரி: தில்லியின் இரு தேசிய விழாக்கள்

ஆண்டுதோறும் தில்லியிலிருந்து ஒளிபரப்பாகும் இரண்டு விழாக்களையும் விடாமல் பார்க்கிறவர்களில்கூடப் பலர் ஒன்றைக் கவனித்திருக்க மாட்டார்கள். ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையில் நடப்பதன் உயிர்நாடி ஓர் உரை. பிரதமர் கொடியேற்றிவிட்டு மதிலின் மேல் நின்று நாட்டு மக்களிடம் பேசுகிறார். 2025-இல் அந்த உரை 103 நிமிடங்கள் நீண்டது. ஜனவரி 26 அன்று நடக்கும் விழாவிலோ எவருமே உரையாற்றுவதில்லை. குடியரசுத் தலைவர் வருகிறார், கொடி விரிகிறது, வீரர்கள் மிடுக்குடன் கடந்து செல்கிறார்கள், ஊர்திகள் நகர்கின்றன, விமானங்கள் தலைக்கு மேல் பறக்கின்றன, அவர் மாளிகைக்குத் திரும்புகிறார். நாட்டுக்கு அவர் சொல்ல வேண்டியது எதுவாயினும் அதை முதல் நாள் மாலையே வானொலியிலும் தொலைக்காட்சியிலும் சொல்லி முடித்திருப்பார்.

ஒரே தலைநகரத்தில், ஆறு கிலோமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் உள்ள இரண்டு இடங்களில், இரண்டு வெவ்வேறு மனிதர்களை முன்னிறுத்தி, இப்படி முற்றிலும் மாறுபட்ட இரண்டு முறைகளில் தேசிய நாள் கொண்டாடப்படுவது ஏன் என்ற கேள்விக்கு எந்தச் சட்டப் புத்தகத்திலும் நேரான விடை இல்லை. 1947-க்கும் 1955-க்கும் இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் எடுக்கப்பட்ட சில முடிவுகளும், அவற்றுக்கு முன்பே தில்லி நகரத்தின் மீது எழுதப்பட்டிருந்த வரலாறும் சேர்ந்துதான் இந்த வடிவத்தைத் தந்தன. அரசாங்கத்தின் தலைவருக்கும் அரசின் தலைவருக்கும் உள்ள வேறுபாட்டைப் பாடப்புத்தகத்தைவிடத் தெளிவாகக் காட்டுபவை இந்த இரண்டு காலைப் பொழுதுகள்தாம் என்பது என் கருத்து.

முதலில் தேதிகளைப் பார்ப்போம். ஆகஸ்ட் 15 இந்தியர்கள் தேர்ந்தெடுத்த நாள் அன்று. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் சரணடைந்ததன் இரண்டாம் ஆண்டு நிறைவு என்பதால் அந்தத் தேதியைக் குறித்ததாக மவுண்ட்பேட்டனே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஜனவரி 26 அப்படிப்பட்டதன்று. 1929 டிசம்பரில் ஜவாஹர்லால் நேரு தலைமையில் லாகூரில் கூடிய காங்கிரஸ் மாநாடு முழு சுதந்திரமே இலக்கு என்று அறிவித்தது; அதைத் தொடர்ந்து 1930 ஜனவரி 26 முதல் ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளைச் சுதந்திர தினமாகவே காங்கிரஸார் கொண்டாடிவந்தார்கள். விடுதலை வேறொரு தேதியில் வந்துவிட்டதால், பதினேழு ஆண்டுகள் உறுதிமொழி எடுத்துக்கொண்ட நாள் அனாதையாகிப்போனது. அரசியல் நிர்ணய சபை 1949 நவம்பர் 26 அன்றே அரசியலமைப்புச் சட்டத்தை ஏற்றுக்கொண்டுவிட்டது. குடியுரிமை, தேர்தல் ஆணையம் தொடர்பான சில பிரிவுகள் அன்றே நடைமுறைக்கும் வந்தன. மற்றவை இரண்டு மாதங்கள் காத்திருந்தது பழைய தேதிக்கு உயிர் கொடுப்பதற்காகத்தான்.

இங்கே ஒரு விந்தையையும் சொல்லிவிட வேண்டும். பாகிஸ்தானும் தன் தேசிய நாளை இதே முறையில்தான் தேர்ந்தெடுத்தது. முஸ்லிம் லீக் 1940 மார்ச்சில் நிறைவேற்றிய தீர்மானத்தை நினைவுகூரும் மார்ச் 23-ஆம் நாளில், 1956-இல் அதன் முதல் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. அந்தத் தீர்மானம் நிறைவேறிய ஊரும் லாகூர்தான். இரண்டு நாடுகளின் தலைநகரங்களிலும் அணிவகுப்பு நடக்கும் தேதிகள் ஒரே நகரத்தில் பிறந்தவை.

சுதந்திர தினத்துக்குச் செங்கோட்டை என்பதும் முதல் நாளிலேயே முடிவானதன்று. 1947 ஆகஸ்ட் 15 அன்று மாலை தேசியக் கொடி ஏற்றப்பட்டது இந்தியா கேட்டை ஒட்டிய பிரின்சஸ் பூங்காவில். திட்டமிட்டபடி அங்கே ராணுவ மரியாதை எதையும் ஒழுங்காக நடத்த முடியாத அளவுக்கு மக்கள் வெள்ளம் மைதானத்தை மூடிவிட்டது. மறுநாள், அதாவது ஆகஸ்ட் 16 அன்றுதான், நேரு செங்கோட்டையில் கொடியேற்றிப் பேசினார். அடுத்த ஆண்டிலிருந்து அது ஆகஸ்ட் 15-க்கே உரிய இடமாயிற்று. கோட்டையைத் தேர்ந்ததன் பொருள் அன்றைய மக்களுக்கு விளக்கத் தேவையில்லாதது. 1857 எழுச்சிக்குப் பின் கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஜஃபர் மீது ஆங்கிலேயர் விசாரணை நடத்தியது அதே கோட்டைக்குள். ‘தில்லி சலோ’ என்று நேதாஜி தன் படைக்குக் காட்டிய இலக்கும் அதுவே. 1945-இன் இறுதியில் இந்திய தேசிய ராணுவத்தின் அதிகாரிகளைக் கூண்டில் ஏற்றி விசாரித்ததும் அங்கேதான். இரண்டு முறை விசாரணை மன்றமாக இருந்த கட்டடத்தின் மதிலில் நின்று, தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதமர் ஒருவர் கீழே கூடியிருக்கும் மக்களைப் பார்த்துப் பேசுகிறார் என்றால், அந்த இடமே பாதி உரையை நிகழ்த்திவிடுகிறது. நேரு 17 முறை அங்கிருந்து பேசினார். சந்திரசேகருக்கு அந்த வாய்ப்பு ஒருமுறையும் கிடைக்கவில்லை. அவருடைய பதவிக்காலம் ஒரு நவம்பரில் தொடங்கி அடுத்த ஜூனில் முடிந்துவிட்டது.

குடியரசு தினத்தின் கதை இன்னும் சுற்றிவளைத்துச் செல்கிறது. 1950 ஜனவரி 26 காலை 10 மணி 18 நிமிடத்துக்கு, அரசு மாளிகை என்று அப்போது அழைக்கப்பட்ட இன்றைய குடியரசுத் தலைவர் மாளிகையின் தர்பார் மண்டபத்தில், இந்தியா குடியரசாகிவிட்டது என்ற பிரகடனத்தை வாசித்தவர் கடைசி கவர்னர் ஜெனரலான ராஜாஜி. அந்த வாசகத்தோடு அவருடைய பதவி இல்லாமல் போயிற்று. ஆறு நிமிடங்கள் கழித்து ராஜேந்திர பிரசாத் முதல் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றார். 31 குண்டுகள் முழங்கின. வைஸ்ராய்களுக்கு உரியதாக இருந்த எண்ணிக்கையும் அதுவேதான். பின்னர்தான் அது 21 ஆனது.

அன்றைய அணிவகுப்பு இன்றுபோலக் காலையில் நடக்கவில்லை. பிற்பகல் 2.30 மணிக்குப் புறப்பட்ட ராஜேந்திர பிரசாத், முப்பத்தைந்து ஆண்டுகள் பழையதாகி, புதிதாகச் செப்பனிடப்பட்டு, அசோகரின் சிங்கச் சின்னம் பொறிக்கப்பட்ட சாரட்டு வண்டியில், ஆறு ஆஸ்திரேலியக் குதிரைகள் மெல்ல இழுத்துச் செல்ல, நகரத் தெருக்களின் வழியே ஊர்வலமாகப் போனார். அவர் சென்று சேர்ந்தது இர்வின் அரங்கம். பவநகர் மகாராஜாவின் நன்கொடையில் கட்டப்பட்ட, சுமார் 15,000 பேர் அமரக்கூடிய விளையாட்டு அரங்கு அது. இன்று மேஜர் தியான் சந்த் தேசிய விளையாட்டு அரங்கம் என்று வழங்குகிறது. முப்படைகளையும் காவல்துறையையும் சேர்ந்த ஏறத்தாழ 3,000 பேர் அங்கே அணிவகுத்தார்கள். இந்தோனேசிய அதிபர் சுகர்ணோ விருந்தினராக அமர்ந்திருந்தார்.

அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாளை ராணுவ அணிவகுப்பால் கொண்டாடுவது ஏன் என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. சட்டப் புத்தகத்துக்கும் பீரங்கிக்கும் என்ன உறவு என்ற அந்தக் கேள்வி நியாயமானதுதான். ஆனால் 1950-இன் சூழலில் வைத்துப் பார்த்தால் அதற்கு வலுவான விடை இருக்கிறது. அந்த ஜனவரி வரை இந்தியக் கடற்படையும் விமானப்படையும் தங்கள் பெயரில் ‘ராயல்’ என்ற அடைமொழியைச் சுமந்திருந்தன. நாடு குடியரசானதும் அது நீங்கியது. தரைப்படைக்கு கே.எம். கரியப்பா என்ற இந்தியத் தலைமைத் தளபதி வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. விமானப்படைக்கு 1954 வரையிலும், கடற்படைக்கு 1958 வரையிலும் பிரிட்டிஷ் அதிகாரிகளே தலைமை வகித்தார்கள். ஒரு மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்த படை, இனி அரசியலமைப்புக்குக் கட்டுப்பட்ட, சீருடை அணியாத, தேர்தலில் வந்த ஒருவரைத் தன் உச்சத் தளபதியாக ஏற்கிறது என்பதை எழுத்தறிவு குறைந்த ஒரு நாட்டுக்கு எப்படிக் காட்டுவது? படைகளின் உச்சத் தலைமையைக் குடியரசுத் தலைவருக்குத் தரும் அரசியலமைப்பின் பிரிவு 53-ஐப் படித்துக் காட்டினால் எவருக்கும் விளங்காது. துப்பாக்கி ஏந்திய ஆயிரக்கணக்கானோர் வேட்டியோ ஷெர்வானியோ அணிந்த ஒரு முதியவருக்கு சல்யூட் அடித்துக்கொண்டு போவதைப் பார்த்தால் விளங்கிவிடும். ஜனவரி 26-இல் உரைக்கு இடமில்லாததன் காரணமும் இதுவாகவே எனக்குப் படுகிறது. காட்ட வேண்டிய செய்தி சல்யூட்டுக்குள்ளேயே இருக்கிறது.

விழாவுக்கான இடம் அமைய மேலும் சில ஆண்டுகள் ஆயின. 1951 முதல் 1954 வரை இர்வின் அரங்கம், கிங்ஸ்வே, செங்கோட்டை, ராம்லீலா மைதானம் என அணிவகுப்பு இடம் மாறிக்கொண்டே இருந்தது. 1955-இல்தான் அது ராஜபாதையில் நிலைபெற்றது. கிங்ஸ்வே என்று ஆங்கிலேயர் வைத்த பெயர் ராஜபாதையாகி, 2022 செப்டம்பரில் கர்த்தவ்ய பாதையாகியிருக்கிறது. பெயர் இரண்டு முறை மாறினாலும் சாலையின் இலக்கணம் மாறவில்லை.

அந்த இலக்கணத்தைப் புரிந்துகொள்ள 1911 டிசம்பருக்குப் போக வேண்டும். தன் முடிசூட்டைக் கொண்டாடக் கூட்டிய தில்லி தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர், தலைநகரம் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறும் என்று அறிவித்தார். எட்வின் லுட்யன்ஸும் ஹெர்பர்ட் பேக்கரும் வரைந்த புதிய நகரம் 1931 பிப்ரவரியில் திறந்துவைக்கப்பட்டது. ரைசினா குன்றின் மேல் வைஸ்ராய் மாளிகை. அதன் இருபுறமும் தலைமைச் செயலகக் கட்டடங்கள். அங்கிருந்து கிழக்கே நேர்கோடாக ஒரு சாலை. அதன் முனையில் முதல் உலகப் போரில் இறந்த இந்திய வீரர்களுக்கான 42 மீட்டர் உயர நினைவு வளைவான இந்தியா கேட். அதற்கப்பால் மன்னரின் சிலை. அதிகாரம் குன்றின் உச்சியிலிருந்து கீழே பார்க்க வேண்டும், மக்கள் சாலையோரத்தில் நின்று மேலே பார்க்க வேண்டும் என்பதே அந்த வரைபடத்தின் எண்ணம். கட்டடக் கலைஞர்கள் இருவருக்கும் இடையே இதில் பெரிய பூசலும் மூண்டது. பேக்கரின் செயலகங்களும் குன்றின் மீது இடம்பிடித்ததால், சாலையின் ஏற்றத்தில் நெருங்கிச் செல்லச் செல்ல மாளிகை கண்ணுக்கு மறைந்து, குவிமாடம் மட்டும் தெரிகிறது. குன்றின் அடிவாரத்தில் உள்ள விஜய் சௌக்கில் நின்று பார்க்கும் எவரும் இந்தப் பிழையை இன்றும் காணலாம். தன் வாழ்நாளின் சிறந்த படைப்பை நண்பரே மறைத்துவிட்டார் என்று லுட்யன்ஸ் கடைசிவரை பொருமினார்.

ஊர்வலத்துக்கென்றே அகலமாக வெட்டப்பட்ட, இருபுறமும் புல்வெளியும் நீர்வழியும் கொண்ட ஒரு சாலை தயாராக இருந்தபோது, புதிய குடியரசு அதைப் பயன்படுத்திக்கொண்டது இயல்புதான். ஆனால் அதன் விலை சிறியதன்று. தர்பாரின் மேடை, யானை, குதிரைப்படை, மேடையைக் கடந்து செல்லும் வரிசை, யார் எங்கே அமர்வது என்ற நுணுக்கமான படிநிலை ஆகியவற்றில் கணிசமான பகுதி இந்தச் சாலையோடு சேர்ந்தே குடியரசின் விழாவுக்குள் வந்துவிட்டது. வார்ரன் ஹேஸ்டிங்ஸ் 1773-இல் உருவாக்கிய மெய்க்காவல் படைதான் இன்றும் குடியரசுத் தலைவரைக் குதிரைமேல் அழைத்து வருகிறது. இதைக் காலனிய எச்சம் என்று ஒதுக்குபவர்களோடும் எனக்கு முழு உடன்பாடில்லை, மரபு என்று கொண்டாடுபவர்களோடும் இல்லை. பழைய வீட்டுக்குக் குடிவந்தவர் சுவர்களை இடிக்காமல் படங்களை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பதைப்போல, ஒவ்வொரு தலைமுறையும் இந்தச் சாலையில் எதையாவது மாற்றியபடியே இருக்கிறது. மன்னரின் சிலை 1968-இல் அகற்றப்பட்டது. சிலைக்கு மேல் இருந்து, பின் வெறுமையாகவே நின்ற கல் விதானத்தில் 2022-இல் நேதாஜியின் சிலை வந்தது. 1971 போருக்குப் பின் 1972 ஜனவரி 26 அன்று இந்திரா காந்தி வளைவின் அடியில் ஏற்றிவைத்த அமர் ஜவான் ஜோதி, ஐம்பதாண்டுகள் எரிந்து, 2022 ஜனவரியில் அருகிலுள்ள தேசியப் போர் நினைவிடத்தின் சுடரோடு இணைக்கப்பட்டது. 2020 முதல் பிரதமர் விழாவுக்கு முன் மலர்வளையம் வைக்கும் இடமும் இந்தப் புதிய நினைவிடமே. இந்திரா காந்தியின் கொலைக்குப் பின் பாதுகாப்புக் காரணத்தால் கைவிடப்பட்ட சாரட்டு வண்டி, நாற்பது ஆண்டுகள் கழித்து 2024-இல் திரௌபதி முர்முவையும் பிரெஞ்சு அதிபர் மக்ரோனையும் சுமந்துகொண்டு திரும்பி வந்தது.

விழாக் காலையின் ஒழுங்கு கடிகாரத்தை வைத்துக் கோக்கப்பட்டது. பிரதமர் முன்னதாகவே வந்து, குடியரசுத் தலைவரையும் சிறப்பு விருந்தினரையும் வரவேற்கிறார். சுதந்திர தினத்தின் நாயகர் இங்கே வரவேற்பாளர் மட்டுமே. கொடி விரிக்கப்படும் முறையிலும் வேறுபாடு உண்டு. செங்கோட்டையில் கொடி கம்பத்தின் அடியிலிருந்து மேலே ஏறுகிறது. இங்கே முன்கூட்டியே உச்சியில் கட்டிவைக்கப்பட்ட கொடி கயிற்றை இழுத்ததும் விரிகிறது. தேசிய கீதம் தொடங்கும்போதே முதல் குண்டும் வெடிக்கிறது. கீதத்துக்கு 52 வினாடிகள். அந்த 52 வினாடிகளுக்குள் 21 குண்டுகளும் சீராக முழங்கி முடிய வேண்டும். ஒரு குண்டு முந்தினாலோ பிந்தினாலோ கோடிக்கணக்கானோர் காதில் அது விழும் என்பதால், பீரங்கிப் படையினர் வாரக்கணக்கில் பழகுவது இதற்காகவே. பல்லாண்டுகள் இந்தப் பணியைச் செய்துவந்த பிரிட்டிஷ் காலத்து 25 பவுண்டு பீரங்கிகள் 2023-இல் விடைபெற்று, உள்நாட்டில் தயாரான 105 மில்லிமீட்டர் பீரங்கிகள் வந்தன.

பிறகு படைப்பிரிவுகள் வருகின்றன. குதிரை மீது வரும் 61-ஆவது குதிரைப்படை, ஒட்டகங்களின் மேல் எல்லைப் பாதுகாப்புப் படை, காலாட்படையின் அணிகள், துணை ராணுவம், தேசிய மாணவர் படை என்று வரிசை நீள்கிறது. நாட்டின் மிகப் பழைய காலாட்படையான மெட்ராஸ் ரெஜிமென்டின் அணி வரும் ஆண்டுகளில், ‘வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு’ என்ற அதன் போர் முழக்கத்தை வர்ணனையாளர்கள் மறக்காமல் சொல்வார்கள். விருது பெற்ற சிறுவர் சிறுமியர் ஒரு காலத்தில் யானை மேல் வந்தார்கள்; இப்போது ஜீப்பில் வருகிறார்கள். கடைசியில் விமானங்கள். தில்லியின் ஜனவரிப் பனிமூட்டம் அன்று எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தே அவை கண்ணுக்குத் தெரிவதும் வெறும் ஓசையாக முடிவதும்.

இவ்வளவையும் இரண்டு மணி நேரத்துக்குள் அடக்க, தலைநகரம் ஒரு மாதம் முன்பே தன் அன்றாடத்தை வளைத்துக்கொள்கிறது. பாதுகாப்பு அமைச்சகத்தின் பொறுப்பில் நடக்கும் விழா இது. டிசம்பரிலேயே படைப்பிரிவுகள் தில்லிக்கு வந்துவிடுகின்றன. விடியலுக்கு முன், விளக்கு வெளிச்சத்தில், ஓவர்கோட்டும் கம்பளிக் குல்லாயும் அணிந்த வரிசைகள் அந்தச் சாலையில் நடந்து பழகுவதை அப்பகுதியில் பால் விநியோகிப்பவரும் செய்தித்தாள் போடுபவரும்தான் அதிகம் பார்த்திருப்பார்கள். ஜனவரி 23 அன்று நடக்கும் முழு ஒத்திகைக்கு, விழாவுக்கு இணையாகவே சாலைகள் மூடப்படுகின்றன. ஜனவரி மூன்றாம் வாரம் முதல் விழா முடியும்வரை காலையில் சில மணி நேரம் தில்லி வானில் பயணிகள் விமானம் பறப்பதில்லை. அந்த வாரத்தில் விமானம் ஏறுகிறவர்களுக்கு இது தெரிந்திருப்பது நல்லது.

தேசிய மாணவர் படையினருக்கு இது வேறோர் உலகம். கல்லூரி வளாகத்தில் தொடங்கி, குழு அளவிலும் பின் இயக்குநரக அளவிலும் பல முகாம்களில் வடிகட்டப்பட்டு, இறுதியாக ‘ஆர்.டி. கேம்ப்’ என்று அவர்கள் சொல்லும் குடியரசு தின முகாமுக்குத் தேர்வாகிறவர்கள் தில்லி கன்டோன்மென்ட்டின் கரியப்பா மைதானத்தில் ஒரு மாதம் தங்குகிறார்கள். சென்னையிலும் மதுரையிலும் ‘சாவ்தான்’, ‘விஷ்ராம்’ என்ற கட்டளைகளுக்குப் பழகிய கால்கள்தாம். ஆனால் ஐந்து டிகிரிக் குளிரில், பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு வரிசை கயிறு பிடித்ததுபோல நேராகப் போக வேண்டும் என்பது வேறு. வரிசையின் ஓரத்தில் இருப்பவரைப் பார்த்து மற்றவர்கள் நேர்செய்துகொள்ள வேண்டும், ஆனால் தலை திரும்பக் கூடாது. சல்யூட் மேடை வந்ததும் முகங்கள் வலப்பக்கம் திரும்பும். அணியின் வலக்கோடியில் இருப்பவர் மட்டும் நேராகவே பார்த்துக்கொண்டு நடப்பார். அவரும் திரும்பிவிட்டால் அந்த வரிசைக்குத் திசை காட்ட எவரும் இருக்க மாட்டார்கள்.

விருந்தினர் தேர்வு வெளியுறவுக் கொள்கையின் வேலை. 1955-இல் ராஜபாதையில் நடந்த அணிவகுப்பைப் பார்க்க வந்தவர் பாகிஸ்தானின் கவர்னர் ஜெனரல் மாலிக் குலாம் முகமது. பத்தாண்டுகள் கழித்து 1965-இலும் பாகிஸ்தானின் உணவு அமைச்சர் வந்தார். அதே ஆண்டின் செப்டம்பரில் இரு நாடுகளும் போர்க்களத்தில் நின்றன. 1961-இல் எலிசபெத் அரசி, 1995-இல் நெல்சன் மண்டேலா, 2015-இல் சாரலில் நனைந்தபடி அமர்ந்திருந்த பராக் ஒபாமா, 2018-இல் ஆசியான் நாடுகளின் பத்துத் தலைவர்கள் என்று அந்தந்தக் காலத்து நாட்டங்களை இந்தப் பட்டியலில் படிக்கலாம். பிரான்ஸ் தலைவர்கள் ஆறு முறை வந்திருக்கிறார்கள். 2016-இல் பிரெஞ்சு வீரர்கள் இங்கே அணிவகுத்ததும், 2009-இலும் 2023-இலும் இந்திய வீரர்கள் ஜூலை 14 அன்று பாரிஸில் அணிவகுத்ததும் ராணுவக் கொள்முதலோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை. லால் பகதூர் சாஸ்திரி மறைந்த 1966-இலும், பெருந்தொற்று நிலவிய 2021, 2022 ஆகிய ஆண்டுகளிலும் விருந்தினர் இருக்கையில் எவரும் இல்லை. 2021-இல் வழக்கமாக லட்சத்தைத் தாண்டும் பார்வையாளர் எண்ணிக்கை 25,000-ஆகக் குறைக்கப்பட்டது. ஆயினும் அந்த ஆண்டு நாடு பார்த்தது வேறோர் அணிவகுப்பை. வேளாண் சட்டங்களை எதிர்த்த விவசாயிகள் டிராக்டர் பேரணிக்கு அதே நாளைத் தேர்ந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் செங்கோட்டைக்குள் நுழைந்து, பிரதமர் கொடியேற்றும் இடத்தில் சீக்கியக் கொடியை ஏற்றினார்கள். இரண்டு தேசிய நாட்களின் இரண்டு இடங்களும் அன்று ஒரே நேரத்தில் பேசுபொருளாயின.

தமிழ்நாட்டில் இந்த விழா ஆண்டுதோறும் செய்தியாவது அலங்கார ஊர்திகளால். ராணுவ அணிவகுப்பு இந்தியாவை ஒற்றை வரிசையாகக் காட்டினால், ஊர்திகள் அதைப் பலவாகக் காட்ட வேண்டும் என்பது 1950-களிலேயே வகுக்கப்பட்ட ஏற்பாடு. விழாவுக்குப் பல மாதங்களுக்கு முன்பே அமைச்சகம் மாநிலங்களிடம் கருத்துருக்களைக் கேட்கிறது. ஓவியம், சிற்பம், இசை, நடனம், கட்டடக்கலைத் துறைகளைச் சேர்ந்த நிபுணர் குழு முதலில் வரைபடத்தைப் பார்க்கிறது, திருத்தங்கள் சொல்கிறது, அதைத் தாண்டினால் முப்பரிமாண மாதிரி, பிறகு இசை. ஒவ்வொரு சுற்றிலும் சில மாநிலங்கள் உதிர்கின்றன. தேர்வானால் ஒரு டிராக்டரும் டிரெய்லரும் கிடைக்கும். அதன்மேல் சுமார் 45 அடி நீளம், 14 அடி அகலம், 16 அடி உயரத்துக்குள் மாநிலத்தின் கதையைச் சொல்லி முடிக்க வேண்டும். மாநிலத்தின் பெயரைத் தவிர வேறு எழுத்து கூடாது. அந்தப் பெயரும் முன்புறம் இந்தியிலும் பின்புறம் ஆங்கிலத்திலும் இருக்க, மாநில மொழி பக்கவாட்டில் இடம்பெறலாம். தில்லி கன்டோன்மென்ட்டில் உள்ள ரங்கசாலை முகாமில் தச்சர்களும் சிற்பிகளும் ஒட்டுப்பலகையையும் தெர்மாகோலையும் இழைத்து இரவு பகலாக இவற்றை உருவாக்குகிறார்கள். மேடையைக் கடக்கக் கிடைப்பது ஒரு நிமிடத்தை ஒட்டிய நேரம்.

2022-ஆம் ஆண்டில் தமிழக அரசு முன்வைத்த ஊர்தியில் வ.உ. சிதம்பரனாரும் அவருடைய கப்பலும், வேலு நாச்சியாரும், பாரதியாரும் இருந்தார்கள். அது தேர்வாகவில்லை. நேதாஜியை முன்வைத்த மேற்கு வங்கத்தின் ஊர்தியும், நாராயண குருவை முன்வைத்த கேரளத்தின் ஊர்தியும் அதே ஆண்டில் நிராகரிக்கப்பட்டன. முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். முதல் மூன்று சுற்றுகளில் தமிழக ஊர்தி பரிசீலிக்கப்பட்டதாகவும் இறுதியில் தேர்வான 12-இல் அது இல்லை என்றும் மத்திய அரசு பதில் அளித்தது. தில்லியில் இடம் கிடைக்காத அந்த ஊர்தி சென்னையின் குடியரசு தின அணிவகுப்பில் வந்து, பிறகு தமிழகமெங்கும் ஊர் ஊராகச் சென்றது; ராஜபாதையில் ஓடியிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய ஒரு நிமிடத்தைவிட அதிகமான கண்கள் அதைப் பார்த்தன என்று தயங்காமல் சொல்லலாம்.

அன்று எழுந்த கேள்வி கலை சார்ந்ததா, அரசியல் சார்ந்ததா என்று பிரித்துப் பார்ப்பது வீண். விழாவில் அரசின் தலைவர் பேசாமல் இருக்கிறார். ஆனால் ஊர்திகள் பேசுகின்றன. எந்த வீரர், எந்தக் கோயில், எந்தப் போராட்டம் தேசத்தின் கதையில் இடம்பெறும் என்பதை அவைதாம் சொல்கின்றன; அந்தச் சொல்லின் இறுதி வடிவை முடிவுசெய்வது ஒன்றிய அமைச்சகம் ஒன்று அமைக்கும் குழு. நிபுணர்கள் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் இந்த அமைப்பில் ஐயம் எழாமல் இருக்காது. இதைத் தணிக்கத்தான் 2024 முதல் ஒவ்வொரு மாநிலத்துக்கும் மூன்று ஆண்டுகளில் ஒரு முறையாவது வாய்ப்பு என்ற சுழற்சி முறை முன்வைக்கப்பட்டது. அந்த ஆண்டில் வாய்ப்புக் கிடைக்காதவர்கள் செங்கோட்டை வளாகத்தில் நடக்கும் பாரத் பர்வ் கண்காட்சியில் தங்கள் ஊர்திகளை நிறுத்தலாம். 2024-இல் தமிழகம் கொண்டுசென்றது பத்தாம் நூற்றாண்டின் உத்திரமேரூர் கல்வெட்டு சொல்லும் குடவோலைத் தேர்தல் முறையை. நடுவர் குழுவின் மூன்றாம் பரிசு அதற்குக் கிடைத்தது. சுழற்சி முறையால் யாருக்கு எப்போது என்ற சண்டை குறையும். என்ன காட்டுவது என்ற சண்டை அப்படியேதான் இருக்கிறது.

தில்லியில் பிரதமருக்கு ஒரு நாள், குடியரசுத் தலைவருக்கு ஒரு நாள் என்றிருந்த பங்கீடு மாநிலத் தலைநகரங்களில் 1974 வரை இல்லை. அங்கே இரண்டு நாட்களிலும் ஆளுநர்களே கொடியேற்றினார்கள். மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதமர் செங்கோட்டையில் கொடியேற்றலாம் என்றால், அதே வகையில் தேர்ந்தெடுக்கப்பட்ட முதலமைச்சருக்கு ஏன் அந்த உரிமை இல்லை என்று கேட்டு மு. கருணாநிதி இந்திரா காந்திக்கு எழுதினார். ஒன்றிய அரசு ஏற்றுக்கொண்டது. 1974 ஆகஸ்ட் 15 அன்று சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் அவர் கொடியேற்றினார். நாடெங்கும் முதலமைச்சர்கள் அன்றுமுதல் அந்த உரிமையைப் பெற்றார்கள். சென்னையும் ஏறக்குறையத் தில்லியைப்போலவே அமைந்துவிட்டது: ஆகஸ்ட்டில் கோட்டையில் முதலமைச்சர் கொடியேற்றிப் பேசுகிறார், ஜனவரியில் மெரினா கடற்கரைச் சாலையில் ஆளுநர் கொடியேற்றுகிறார், பேசுவதில்லை.

இரண்டு நாட்களிலும் மாலையில் குடியரசுத் தலைவர் தன் மாளிகையிலும் ஆளுநர்கள் தங்கள் மாளிகைகளிலும் தேநீர் விருந்து அளிக்கிறார்கள். ஆளுநருக்கும் மாநில அரசுக்கும் மோதல் முற்றிய அண்மைய ஆண்டுகளில், தமிழகத்தில் ஆளும் கட்சியினர் அந்த விருந்தைப் பலமுறை புறக்கணித்தார்கள். ஆனால் அதே ஆண்டுகளில், ஜனவரி 26 காலையில் ஆளுநர் கொடியேற்றியபோது மெரினாவின் மேடையில் முதலமைச்சரும் நின்றார். காலை விழாவுக்கு அழைப்பது குடியரசு. மாலை விருந்துக்கு அழைப்பவர் ஆளுநர்.